எட்டாவது பத்தியில் இருந்த வெயில்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மனைவியைக் கடையிலிருந்து கூட்டி வர நான் காரில் போவேன். செகந்திராபாத்தின் பழைய கடைவீதியில் காரை நிறுத்த இடம் தேடுகிறவனுக்கு என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மணிக்கூண்டை மூன்று முறை, நான்கு முறை சுற்றுவேன். முன்னால் போகிற ஆட்டோக்காரரின் மூன்று தலைமுறையைத் திட்டுவேன். பட்டுப்புடவைக் கடையின் காவலாளி விசில் ஊதித் துரத்துவார். வண்டியைப் பாதித் தெருவில் விட்டு, மனைவி ஓடி வந்து ஏறுவதற்குள் பின்னால் இருபது ஹாரன்கள் என் முதுகில் குத்தும். அப்படி ஒரு நாள் ஸ்டியரிங்கை அறைந்து, "இந்த ஊர்ல ஒரு பார்க்கிங் கட்டித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

கட்டித் தொலைத்தார்கள். இனி இந்தக் கட்டுரையில் நான் பலர்மேல் கோபப்படப் போகிறேன். நான் மட்டும் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் மனைவி லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். அவள் வீட்டார் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்தவர்கள். அதனால் அவள் பேச்சில் 'இன்னா'வும் இருக்கும், ஆமாம் என்பதற்கு இந்த ஊரின் 'ஹவ்'வும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் இருக்கும். நான் திருச்சியிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக, பாதுகாப்புத் துறை சார்ந்த ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதுவது என் தொழில். மீதி நேரத்தில் வரி உடைக்காத உரைநடைக் கவிதைகள் எழுதுகிறேன். அவற்றை யாரும் படிப்பதில்லை. கடிதங்களையாவது படிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுடையது ஒரு மேட்சிங் சென்டர். புடவைக்குப் பொருத்தமான பிளவுஸ் துணி, லைனிங், ஃபால்ஸ், இவ்வளவுதான் சரக்கு. பெரிய புடவைக் கடைகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் அரசாங்க இடத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட சின்னச் சின்னக் கடைகள். அந்த மாதிரிக் கடைக்கு இங்கே மல்கி என்று பெயர். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, மடித்து அடுக்கிய துணிகள். அரக்கு மட்டுமே பதினொரு வகை வைத்திருந்தாள். பச்சையில் எத்தனை என்று அவளுக்கே தெரியாது.

அவள் வியாபாரம் செய்கிற விதம் ஒன்றுதான். வாடிக்கையாளர் பையிலிருந்து புடவையை எடுத்ததும், இவள் சுவரிலிருந்து மூன்று துணிகளை உருவுவாள். உள்ளே வைத்துப் பார்க்கவே விடமாட்டாள். "டியூப்லைட்டு பொய் சொல்லும். வெளிய வாம்மா" என்பாள். சந்தில் இறங்கி, அந்தப் பெண்ணின் முன்கையில் புடவையை விரித்து, மேலே துணியைப் போட்டு, வெயிலில் காட்டுவாள். உள்ளே ஒரே நிறமாகத் தெரிந்தவை அங்கே சண்டை போட்டுப் பிரியும். உள்ளே பகையாக நின்றவை ஒட்டிக்கொள்ளும். நாலு மணிக்கு மேல் வெயில் புடவைக் கடையின் பின்சுவருக்குப் போய்விடும். அதற்கப்புறம் அரக்கு, கத்திரிப்பூ, கருநீலம் மூன்றும் அவளிடம் விற்பனைக்குக் கிடையாது. கையில் பணத்தோடு மௌலா அலியிலிருந்து பஸ் ஏறி வந்தவரையும், "நக்கோம்மா, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன், விற்றுவிட்டுப் போயேன் என்று. அவள் சொல்வாள்: "கல்யாணத்துல நாலு பேரு முன்னாடி அவ நிக்கும்போது கலரு காட்டிக் குடுத்துடும். அப்ப அவ வாயில வர்ற பேரு என்னுது."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மல்கிகளின் ஷட்டர்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சந்து முழுவதையும் இடித்து, பல அடுக்கு வாகன நிறுத்தம். பழைய கடைவீதிக்குப் புத்துயிர் ஊட்டும் திட்டம். புத்துயிர்! அந்தச் சந்து செத்துவிட்டது என்று எந்த மருத்துவர் சான்று கொடுத்தார்? காலை பத்து மணிக்கு அங்கே தோள் இடிக்காமல் நடந்து காட்டட்டும். ஜிப்புக்குப் பேரம், பொத்தானுக்குப் பேரம், சமோசா வண்டி, இரண்டு எருமை, மொத்தத்தையும் தாண்டி ஒரு தையல்காரர் தலையில் மிஷினோடு போவார். உயிர் வழிந்து சாக்கடையில் ஓடிய இடம் அது. கார் நுழைய முடியாததனால் மட்டுமே அதற்கு உயிர் இல்லை என்று யாரோ ஒருவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்.

செலவை யார் தருவது என்பதும் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு பங்கு அரசாங்கம். இன்னொரு பங்கு மல்கிக்காரர்கள் கட்ட வேண்டிய முன்பணம். கட்டினால் புதுக் கட்டடத்தின் செல்லாரில், அதாவது தரைக்குக் கீழே, அதே அளவில் கடை கிடைக்கும். பெரிய வீதியில் இருக்கிற புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் ஒரு காசு தர வேண்டாம். அவர்கள் கட்டடத்தைத்தான் யாரும் தொடவில்லையே! அவர்களுடைய வாடிக்கையாளரின் காருக்கு நிழல் கட்ட, ஃபால்ஸ் விற்கிறவளும் ஜிப் விற்கிறவரும் பணம் தர வேண்டும்.

பக்கத்து மல்கியில் ஜிப்பும் லேஸும் விற்கிற பாய் அன்றைக்கே என் மனைவியிடம் வந்தார். "பாபி, தும்ஹாரே ஸாப்கோ போலோ நா. உனோ லிக்கே தோ கோன் நக்கோ போல்தா?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் எழுதினால் மறுக்கிறவர் யார் என்று அர்த்தம். பெரிய ஆபீசில் லெட்டர் எழுதுகிறவன் என்று சந்து முழுக்க எனக்குப் பெயர். எனக்குள் ஒரு மயில் தோகை விரித்தது. இப்போது நினைத்தால் அதன் கழுத்தைத் திருகத் தோன்றுகிறது.

மூன்று நாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோப்பிலும் யாரும் நேராக 'முடியாது' என்று எழுதுவதில்லை. 'கொள்கை அளவில் வரவேற்கிறோம்' என்று தொடங்குவோம். நோக்கத்தைப் பாராட்டுவோம். பிறகு மெல்லப் படியிறங்கி, 'எனினும்' என்கிற சொல்லுக்குக் கீழேதான் கத்தியை வைப்போம். படிக்கிறவர்களும் எங்களைப் போலவே பழகியவர்கள். கடிதத்தைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு 'எனினும்' எங்கே என்று தேடுவார்கள். நான் உலகமே அப்படிப் படிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றாள்.

"இன்னாங்க இது? வரவேற்கிறோம்னு போட்டிருக்கீங்க?"

"அது முறை. எடுத்த எடுப்புல மாட்டேன்னா பைலையே மூடி வச்சிடுவான்."

"வெயிலு எங்க எழுதியிருக்கீங்க?"

"எட்டாவது பத்தில."

"எட்டாவதுலயா? அது வரைக்கும் எவன் படிப்பான்?"

"அங்கதான் இருக்கு மொத்த கனமும். நீ பாரேன்."

எட்டாவது பத்தி நன்றாகத்தான் இருந்தது. செயற்கை ஒளியில் நிறங்கள் தம் இயல்பை மறைத்துக்கொள்கின்றன என்று தொடங்கி, தரைக்குக் கீழே ஒரு மேட்சிங் சென்டர் நடத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு தங்கத்தை உரசிப் பார்ப்பது போல என்று எழுதியிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' எனக்கு அப்போது கேட்கவில்லை. சந்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பாய் உருதுவில் போட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. திட்டம் தயாரித்த நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர், எங்கள் வயதுப் பெண்மணி, திரையில் படங்கள் காட்டினார். கட்டடத்தின் உச்சியில் மரங்கள். கையில் காகிதப் பைகளோடு சிரிக்கிற மனிதர்கள். ஒருவர் முகத்திலும் வியர்வை இல்லை. பிறகு பெரிய புடவைக் கடை முதலாளி எழுந்து, பார்க்கிங் இல்லாததால் வாடிக்கையாளர்கள் எல்லாம் மால்களுக்குப் போய்விட்டதாகவும், பழைய வீதியைக் காப்பாற்றுவது நம் எல்லோருடைய கடமை என்றும் பேசினார். எல்லோருடைய என்கிற இடத்தில் கையை அகல விரித்து எங்களையும் சேர்த்துக்கொண்டார்.

பாய் எழுந்தார். "காராங் உனோங்கே, பைசே ஹமாரே. கைக்கு ஜீ?"

கார் அவர்களுடையது, காசு எங்களுடையது, எதற்கு? இரண்டு வரிக் கேள்வி. கூடம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "பாய், நாளைக்கு நீயும் ஒரு கார் வாங்கு. உனக்கும் இடம் ரெடி" என்றார் இந்தியில்.

"ஜிப் பேச்கே கார்?" என்றார் பாய். ஜிப் விற்றுக் காரா? அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நியாயமான கேள்வி கேட்கிறவரைக் கோமாளியாக்கி உட்கார வைக்கிற சிரிப்பு.

தலைமை தாங்கிய அதிகாரி, வந்த கடிதங்களின் சுருக்கத்தை வாசித்தார். "பின் சந்து மல்கி கடைக்காரர்கள்: இன் பிரின்சிபிள் வெல்கம்."

அவ்வளவுதான். அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டார். பாய் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் கேள்விதான் இருந்தது. நான் எழுந்து, "ஸார், எட்டாவது பத்தியைத் தயவுசெய்து படிக்க வேண்டும்" என்றேன் ஆங்கிலத்தில். அவர் கனிவாகத் தலையாட்டினார். "நோட்டட், நோட்டட். நீங்கள் வரவேற்றதற்கு நன்றி." நோட்டட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இருபது வருடமாக மற்றவர்கள் மனுக்களின் ஓரத்தில் நான் எழுதி வந்த சொல் அது. அன்றைக்கு எனக்கே திரும்பி வந்தது.

அப்போது என் மனைவி எழுந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு பிளவுஸ் துணிகளை எடுத்து, மேடைக்கே போய், அதிகாரியின் மேஜையில் விரித்தாள்.

"இவி ரெண்டூ ஒக்கட்டேனா ஸார்?" இரண்டும் ஒன்றா என்று தெலுங்கில் கேட்டாள்.

மேலே வரிசையாக டியூப்லைட்டுகள். இரண்டும் ஒரே அரக்கு. அவர் குனிந்து பார்த்து, "ஒக்கட்டே கதம்மா" என்றார். ஒன்றுதானேம்மா.

"பயட்டிக்கி ரண்டி" என்றாள். வெளியே வாங்க.

அவர் வரவில்லை. சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளர் பெண்மணி வந்தார், பின்னால் ஏழெட்டுப் பேர். வாசல் படியில், பதினோரு மணி வெயிலில் என் மனைவி துணிகளை அந்தப் பெண்மணியின் கையில் போட்டாள். ஒன்று செங்கல் அரக்கு. மற்றது கத்திரிக்காய். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. பொறியாளர் "அய்யோ" என்றார். என் மனைவி அவருடைய ரவிக்கையையும் புடவையையும் ஒரு முறை பார்த்தாள். "மீரு கூடா டியூப்லைட்லோனே கொன்னாரு கதா?" என்றாள். நீங்களும் டியூப்லைட்டில்தானே வாங்கினீர்கள்? அந்தப் பெண்மணி தன் தோளைத் திருப்பி, வெயிலில் பார்த்துக்கொண்டு, முதல் முறையாக வியர்த்தார். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

நாங்கள் உள்ளே திரும்பியபோது டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியிருந்தது.

மறுநாள் கடிதத்தைத் திரும்பப் பெற அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். தபால் வாங்குகிற குமாஸ்தா நல்ல மனிதர். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். ஆதரவு, எதிர்ப்பு, இரண்டு கட்டங்கள்தான். எங்கள் சந்து ஆதரவில் இருந்தது. "வெல்கம் அன்னாரு கதா ஸார்" என்றார் தெலுங்கில். வரவேற்கிறோம் என்றுதானே சொன்னீர்கள்? வரவேற்றதைத் திரும்பப் பெற அதில் கட்டம் இல்லை. என் மொழி, என் நயம், என் 'எனினும்' எல்லாவற்றையும் அந்த ஒரு கட்டத்தில் மடித்துத் திணித்திருந்தார்கள். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் என்ன செய்வார்? திணிக்கிற அளவில் எழுதிக் கொடுத்தவன் நான்.

என் மனைவி என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் கொடுமை. காபி கேட்டால், "கொள்கை அளவுல உண்டு" என்பாள். எப்போது வரும் என்றால், "எட்டாவது பத்தி வரைக்கும் படிங்க."

சந்தை இடித்தார்கள். கட்டடம் எழுந்தது. முன்பணத்துக்கு அவள் வளையல்கள் போயின. செல்லாரில் கடை கிடைத்தது. வெள்ளைவெளேரென்ற விளக்குகள், காலை ஒன்பதும் மாலை ஆறும் ஒரே மாதிரி. படியேறி வெளியே வந்தாலும் கட்டடத்தின் நிழல்தான். முதல் மாதத்திலேயே ஒரு பெண் புடவையோடும் தைத்த ரவிக்கையோடும் திரும்பி வந்தாள். சீமந்தத்துக்கு உடுத்தி, படத்தில் பார்த்து அழுதாளாம். என் மனைவியின் கடையிலிருந்து போய்த் திரும்பி வந்த முதல் துணி அது. அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் தட்டியபோது திறக்கவில்லை. பாய் ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது லாலாகுடா பட்டறை வாசலில் ஸ்கூட்டரில் ஜிப் தொங்கவிட்டு விற்கிறார். என்னைப் பார்த்தால் ஸலாம் சொல்கிறார். அந்த ஸலாம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே கார்களே இல்லை. ஸ்கூட்டர்கள் எப்போதும் போலத் தெருவிலேயே நிற்கின்றன. கார்க்காரர்கள் எப்போதும் போலக் கடை வாசலில் நிறுத்த, காவலாளி எப்போதும் போல விசில் ஊதுகிறார். முதல் தளத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள். அதற்கு மேல் வெறும் சிமென்ட்டும் புறாக்களும்.

அதைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு நாள் வாடிக்கையாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, கார் ஏறுகிற சரிவில் நடந்தே மூன்றாவது தளத்துக்குப் போய்விட்டாள். அங்கே பக்கச் சுவர் இல்லை. வெயில் சாய்வாக உள்ளே விழுகிறது. அன்றிலிருந்து தினமும் பெண்கள் புடவைப் பைகளோடு மூச்சு வாங்க அந்தச் சரிவில் ஏறினார்கள். காவலுக்கு இருந்தவர் ஓடி வந்து, "அம்மா, ஈ தாரி கார்லக்கி மாத்ரமே" என்றார். இந்த வழி கார்களுக்கு மட்டும்.

"கார்லு எக்கட பாபூ?" என்றாள் அவள். கார்கள் எங்கேப்பா?

அவர் திரும்பிப் பார்த்தார். பாவம், ஒரு காராவது இருக்காதா என்று உண்மையாகவே தேடினார்.

சில வாரங்களில் கட்டடத்தின் முகப்பில் பெரிய விளம்பரப் பலகை வந்தது. புத்துயிர் பெற்ற கடைவீதி என்று மூன்று மொழிகளில். கீழே ஒரு படம்: மூன்றாவது தளத்தின் வெயிலில், துணிகளை விரித்துப் பார்க்கிற பெண்கள். ஓரத்தில் வளையல் இல்லாத ஒரு கை, முழங்கையோடு வெட்டப்பட்டது. அந்தக் கையை எனக்குத் தெரியும். அதே வாரம் செல்லாருக்கு ஒரு நோட்டீஸும் வந்தது. வாகனத் தளங்களில் வியாபாரம் செய்வதும் நடந்து செல்வதும் தடை செய்யப்படுகிறது. மீறினால் கடையின் உரிமம் ரத்து. படத்துக்கு அவள் வேண்டும், தளத்துக்கு அவள் வேண்டாம். நான் பலகையின் கீழே நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, சத்தமாகத் திட்டினேன். திருச்சியில் கற்றுக்கொண்டு இத்தனை வருடம் உபயோகிக்காமல் வைத்திருந்த சொற்கள். ஒருவருக்கும் புரியவில்லை.

அவள் வீட்டில் ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. இந்த வாட்டி வரவேற்க நக்கோ."

இரண்டு வரி எழுதினேன். செல்லாரில் நிறம் தெரியவில்லை. மூன்றாவது தளத்தில் நின்று பார்க்க எங்களுக்கு வழி வேண்டும். முதல் வரிக்கு முன்னால் 'தயவுசெய்து' என்று போட்டிருந்தேன். பேனாவை வாங்கி அதை மட்டும் அடித்தாள். குமாஸ்தா இந்த முறை முழுவதையும் வாய்விட்டே படித்தார். எதிர்ப்பு என்கிற கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

பதில் இன்னும் வரவில்லை. அடர்ந்த நிறம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் அவள் இப்போது, "ஞாயித்துக்கிழமை காலைல வாம்மா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். செல்லார் வாசலில் வாடிக்கையாளர்கள் மூன்று பேரைப் பின்சீட்டில் ஏற்றுகிறேன். மடியில் புடவைப் பைகள், முன்சீட்டில் துணிக்கட்டோடு அவள். காவல்காரர் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். அவர் சொன்ன சட்டப்படி, கார்தான் போகிறது. இந்த ஊரில் பார்க்கிங் இல்லை என்று கத்தியவன், ஆளில்லாத தளங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஏறுகிறேன். போன வாரம் மழைமேகம். மூன்றாவது தளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்கப் போனேன். அவள் கண்ணாடியை இறக்கி, ஒரு கத்திரிப்பூத் துணியை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"இங்க சரியில்ல. இன்னும் மேல போங்க."